தூணுக்குப் பின்னால் நின்றவன்

தன் வாழ்க்கையை நகைச்சுவையாக எழுதுகிறவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கவனிப்பது என் வழக்கம். ஏழை வீட்டில் பிறந்து, படித்து, உத்தியோகம் பெற்றவர்களின் நினைவுக் கட்டுரைகள் பலவற்றில் அந்தச் சிரிப்பு ஒரே பக்கமாகத்தான் பாய்கிறது. தாயின் அறியாமை, தந்தையின் நாட்டுப்புறப் பேச்சு எல்லாம் வேடிக்கையாகிவிடும். எழுதியவர் மட்டும் சட்டை கசங்காமல் ஓரமாக நிற்பார். அன்பினால் எழுதினேன் என்பார். அன்பு இல்லாமலில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த வர்க்கத்தாருக்குப் பெற்றவர்களையே காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறார்.

பாரதியார் அப்படிச் செய்யவில்லை. 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன் தர்பாரையும், அதை அண்டிப் பிழைத்த புலவர் கூட்டத்தையும், கூடவே தம்மையும் கேலி செய்தார். (அது முற்றுப்பெறாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.) 1910இல் வெளிவந்த 'கனவு' என்னும் சுயசரிதைப் பாட்டிலோ, தந்தை பொருளிழந்து வறுமையுற்ற இடத்தில் பரிகாசம் வாய் திறப்பதில்லை. மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த எஸ். பொன்னுத்துரையின் 'நனவிடை தோய்தல்' (1992) யாழ்ப்பாணத்து இளமை நினைவுகளைச் சொல்வது. அதிலும் சிரிப்புண்டு, ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவர், பிறந்த மண்ணுக்கு வெளியே போய் நின்றுகொண்டு சிரிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டோ? நானும் அந்தக் குற்றம் செய்தவன்தான்.

என் ஊர் பனிச்சங்கேணி. இப்போதுள்ள பெரிய பாலம் அன்று இல்லை. பட்டணத்து விடுதியில் தங்கிப் படித்த என்னைப் பார்க்க, களப்பில் தோணி வலிக்கும் என் தந்தை ஓர் உமல் நிறைய உயிர் நண்டுகளோடு வந்தார். உமல் அவிழ்ந்தது. நண்டுகள் விறாந்தை முழுவதும் ஓடின. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் துரத்தினார். பின்னாளில் இதை ஒரு கட்டுரையாக எழுதி இலக்கியக் கூட்டமொன்றில் வாசித்தேன். சபை குலுங்கிச் சிரித்தது.

அந்தப் பெருமையோடு வீட்டிலும் வாசித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அண்டைக்கு வீட்டில வேற ஒண்டும் இருக்கல்ல, மனே. வாடிக்குக் குடுக்காம உனக்கெண்டு கொண்டு வந்தவர்" என்றார்.

கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒன்றும் இருந்தது. தந்தை நண்டுகளைத் துரத்திய வேளையில், அவரை அறியாதவன்போல ஒரு தூணுக்குப் பின்னால் நான் நின்றேன். அந்த விறாந்தையில் உண்மையில் சிரிப்புக்குரியவன் அவன் ஒருவன்தான். அவனைச் சேர்த்துக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன்.

தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். தூண் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். முடிவில் ஒன்றே ஒன்று சொன்னார்:

"நண்டு பன்னிரண்டு, மனே. நீ பத்தெண்டு எழுதியிருக்கிறாய்."