கழிப்பறைக் கதவு

பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றும் 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்ததைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அண்மையில் அதை மறுபடி படித்தபோது என் மனம் நின்றது அவர் படகின் கழிப்பறைக் கதவில். காற்றின் திசையைக் கொண்டு படகைத் தானே செலுத்தும் கருவி நடுக்கடலில் உடைந்தபோது, அந்தக் கதவை அறுத்துத்தான் அதற்கு உறுப்பு செய்துகொண்டார். 1988-க்கு முந்தைய வடிவமைப்புள்ள சிறிய படகுகள் மட்டுமே ஓடும் பந்தயம் அது; ஜி.பி.எஸ். பார்த்துச் செல்லவும் கூடாது. இதைப் படித்தபின், பழைய பாய்மரப் படகை வாங்கியவுடன் வழிகாட்டும் புது மின்னணுத் திரை, லித்தியம் பேட்டரி என்று செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் உப்பில் ஊறி, முனைப் பிடிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடுகின்றன. ஒன்று அறுந்தால் மரமே சாய்ந்துவிடும். முதல் காசு அங்கேதான் போகவேண்டும். அடுத்தது படகின் அடிப்பகுதியைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் அடைப்பான்கள், அதன்பின் பச்சை பூத்துப்போன மின்கம்பி இணைப்புகள். திரை காத்திருக்கலாம். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய சுஹைலி என்ற படகில் 1968-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், அட்லாண்டிக்கில் தண்ணீர் உள்ளே கசிந்தபோது தானே கடலில் மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே கான்வாஸ் பட்டை வைத்து ஆணியடித்தார். அவர் கையால் சரிசெய்ய முடிந்த படகு அது. 1969 ஏப்ரலில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதராக அவரை ஃபால்மவுத் துறைமுகத்தில் சேர்த்ததும் அதுதான்.