தனித்து நின்ற நகைச்சுவை

ஜூஜுவாடி எல்லையைக் கடந்து பெங்களூரு அரங்குகளில் தனிநபர் நகைச்சுவை காணச் செல்லும் இளைஞர், அதனை மேல்நாட்டு வரவு என எண்ணக்கூடும். அஃது ஏற்புடையதன்று. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், வறுமையால் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர்; வில்லுப்பாட்டில் பயின்று மேடையேறியவர்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான அவர், ஈராண்டுக்கு மேல் சிறையிலிருந்து 1947இல் விடுதலை பெற்றார். அதன்பின்னும் மக்கள் அவரைக் கண்டு சிரித்தனர், அவரும் சிந்திக்கவைத்தார். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்ற அவரது 'கிந்தனார்' காலட்சேபம், நந்தனார் கதையின் சாயலில், ஒடுக்கப்பட்ட சிறுவன் கற்று உயர்வதைப் பாடுகிறது. அங்கே நகைப்புக்கு இலக்காவது சிறுவன் அல்லன்; அவன் கல்விக்குத் தடையாக நின்ற வழக்கங்களே. எளியோரின் தோற்றத்தையும் பேச்சையும் எள்ளிக் கைதட்டல் பெறும் இன்றைய கலைஞர் சிலர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. ஈட்டியதைப் பிறர்க்கு ஈந்த கலைவாணர், ஐம்பது அகவையை எட்டாமலேயே 1957இல் மறைந்தார்.