எது விரைவான கணிப்பொறி?

கல்லூரியில் சேரும் மகனுக்கோ மகளுக்கோ கணிப்பொறி ஒன்று வாங்கித் தரவேண்டிய நிலை இன்று எளிய குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. கடன்பட்டேனும் வாங்க முற்படும் பெற்றோர் கடையில் கேட்கும் முதற் கேள்வி, "இவற்றுள் எது விரைவானது?" என்பதே. விற்பவரும் ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி, பெரிய எண் உடையதே சிறந்தது என்று கூறிவிடுகிறார். அந்த எண் எதனை அளந்து பெறப்பட்டது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

கணிப்பொறியின் மூளை எனத்தக்க மையச் செயலியின் விரைவை அளக்கச் சோதனை நிரல்களை எழுதும் வழக்கம் பழமையானது. 1972-இல் இங்கிலாந்தில் உருவான 'வெட்ஸ்டோன்' சோதனை, தசம எண்களைக் கொண்ட அறிவியற் கணக்குகளைச் செய்யும் திறனையே பெரிதும் அளந்தது. 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் வெளியிட்ட 'டிரைஸ்டோன்' முழு எண்களையும் எழுத்துத் தொடர்களையும் கையாளும் திறனை அளந்தது. ஒன்றில் முதலிடம் பெறும் பொறி மற்றொன்றிலும் முதலிடம் பெறும் என்னும் நியதி இல்லை. கணக்கில் நூறு மதிப்பெண் பெறும் மாணவன் தமிழிலும் நூறு பெறுவான் என்று நாம் சொல்வதில்லை அன்றோ?

இக்குறையை நீக்க 1988-இல் அமெரிக்காவில் 'ஸ்பெக்' என்னும் அமைப்பு தோன்றியது. மெய்யான பணிகளைச் சார்ந்த பத்து நிரல்களை அது 1989-இல் சோதனைக்கு அளித்தது. ஆயினும் அவற்றுள் அணிக்கணக்கு நிரல் ஒன்றை, 'கம்பைலர்' மென்பொருளில் செய்த உத்திகளால் மட்டுமே பன்மடங்கு விரைவாக ஓடச் செய்துவிட்டனர். வினாவை முன்னறிந்து விடையை உருப்போட்டதற்கு ஒப்பான செயல் இது. எனவே 1992-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்நிரல் இடம்பெறவில்லை.

ஒரே பொறியின் விரைவும் பணிக்குப் பணி மாறுபடும். ஜப்பானின் 'ஃபுகாக்கு' மாபெரும் கணிப்பொறி 2020 நவம்பரில் 'லின்பேக்' சோதனையில் 442 பெட்டாஃபிளாப்ஸ் விரைவை எட்டியது. 'எச்.பி.சி.ஜி.' என்னும் மற்றொரு சோதனையில் அதே பொறி எட்டியது 16 மட்டுமே. அதிலும் அப்போது உலகில் முதலிடம் அதற்கே கிடைத்தது! காரணம் என்ன? முன்னதில், நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்த எண்களைக் கொண்டே பலமுறை கணக்கிடலாம். பின்னதிலோ, எண்கள் வந்து சேரும்வரை செயலி காத்திருக்க நேர்கிறது. சமையற்காரர் எத்துணைக் கைவேகம் உடையவராயினும், பொருளறை தொலைவில் இருந்தால் அடுப்பு காய்ந்துகொண்டுதானே இருக்கும்!

செயலியில் உள்ள கருக்களின் எண்ணிக்கையும் இத்தகையதே. நூறு நிமிட வேலை ஒன்றில், ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்க பகுதி நாற்பது நிமிடம் என்போம். எஞ்சிய அறுபதை ஆறு கருக்கள் பகிர்ந்துகொண்டால் பத்து நிமிடமாகும், மொத்தம் ஐம்பது. ஆறு மடங்கு விலைகொடுத்தாலும் கிடைப்பது இரு மடங்கு விரைவே. ஜீன் அம்டால் 1967-இல் எடுத்துரைத்த உண்மை இது.

ஆகவே, பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. பிள்ளை செய்யப்போகும் பணி யாது என்பதை முதலில் கேட்டறிவோம். கட்டுரை எழுதவும் பாடங்களைப் பார்க்கவும் நடுத்தரச் செயலியும் போதிய நினைவகமும் போதும். திரைப்படத் தொகுப்பு போன்ற பணிகளுக்கே கருக்கள் பல தேவை. அப்பணிக்குரிய சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கினால், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகாது.