பழைய ஃபிளமெங்கோ கிட்டார் வாங்கலாமா? என்னோட பதில்

"மாற்று முதலீடு" பத்திப் பேசுற வீடியோக்கள்ல வாட்ச், ஒயின், ஓவியம் வரிசையில இப்போ பழைய ஸ்பானிஷ் கிட்டாரும் எட்டிப் பார்க்குது. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வாசிக்கத் தெரிஞ்சு, ஆசைப்பட்டா வாங்குங்க. எஸ்ஐபியை நிறுத்திட்டு வாங்காதீங்க.

ஃபிளமெங்கோ கிட்டார் அலமாரியில வைக்கப் பிறந்த பொருள் இல்லை. கச்சேரி கிட்டாருக்கு பிரேசில்ல இருந்து கப்பல்ல வந்த ரோஸ்வுட். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாசிக்கிறவங்களுக்கு உள்ளூர்லயே மலிவா கிடைச்ச சைப்ரஸ். அந்த மலிவு மரம்தான் அதோட குணமாவே ஆயிடுச்சு: எடை குறைவு, சத்தம் பளிச்னு வந்து சட்டுனு அடங்கும், ஆடுறவங்க காலடிக்குச் சரியா இருக்கும். தந்திகள் பலகையை ஒட்டியே ஓடும். வாசிக்கிறவர் விரலால மேல் பலகையைத் தட்டுவார். அதைத் தாங்கத்தான் அங்கே ஒரு தட்டு ஒட்டியிருப்பாங்க.

அதாவது, அடி வாங்கத்தான் அதைச் செஞ்சாங்க. அதனால விரிசல் விடாம, பலகை மாத்தாம, பாலிஷ் மறுபடி போடாம அப்படியே தப்பிச்சது ரொம்பக் குறைவு. சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுக்கிறது அதுக்குத்தான். ரிப்பேர் ஆனது, ஆக்சிடென்ட் ஆகி ரீ-பெயின்ட் அடிச்ச பைக் மாதிரி. ஓட்டலாம், விக்கும்போது தெரியும்.

அடுத்து லேபிள். மாட்ரிட்ல மானுவேல் ராமிரெஸ் பட்டறை பேர்ல வந்த 1912 கிட்டாரைத்தான் செகோவியா வாசிச்சார். இப்போ அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. அதைச் செஞ்ச கை, அங்கே வேலை பார்த்த சான்டோஸ் எர்னாண்டஸோடதுன்னு சொல்வாங்க. அதே பட்டறையில இருந்த டொமிங்கோ எஸ்தேசோ 1937ல இறந்த பிறகு, "மனைவியும் உறவுப் பிள்ளைகளும்"ங்கிற மாதிரி லேபிளோட அவர் பட்டறை தொடர்ந்துச்சு. உள்ளே ஒட்டின காகிதத்தைப் படிச்சு எந்தக் கை செஞ்சதுன்னு சொல்லிட முடியாது. அதுக்கு நிபுணர் வேணும், அவருக்கு ஃபீஸ் வேணும்.

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். 8 லட்சத்துக்கு வாங்கினீங்க, விக்கிற கடைக்காரர் கமிஷன் 20 சதவீதம்னு வச்சுக்கோங்க. போட்ட பணம் திரும்பணும்னாலே 10 லட்சத்துக்கு விக்கணும். நடுவுல டிவிடெண்ட் கிடையாது, வாடகை கிடையாது. இன்சூரன்ஸ் மட்டும் உண்டு. மாட்ரிட்டோட வறண்ட காத்துல செஞ்ச மெல்லிசு பலகை சென்னை ஈரத்துல ஊதும், ஏசி ரூம்ல சுருங்கும். பிரிட்ஜ் பிரேசில் ரோஸ்வுட்டா இருந்தா எல்லை தாண்ட அனுமதிப் பத்திரமும் பார்க்கணும். 1992ல இருந்து அந்த மரத்துக்கு உலக அளவுல கடுமையான கட்டுப்பாடு இருக்கு.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. இன்னைக்கு கிட்டார் இருக்கிற வடிவத்துக்கு அடிப்படை போட்டவர் அல்மேரியாக்காரர் அந்தோனியோ தே டோரஸ். மேல் பலகைதான் சத்தம்னு காட்ட, 1862ல பக்கமும் முதுகும் அட்டையிலயே ஒரு கிட்டார் செஞ்சார். பார்சிலோனா இசை மியூசியத்துல இருக்கு. அப்படிப்பட்ட ஆள் 1870 வாக்குல கிட்டார் வேலையை விட்டுட்டு பீங்கான் கடை வச்சார். சில வருஷம் கழிச்சுதான் மறுபடி உளியைத் தொட்டார். ஏலத்துல ஏறின விலையில ஒரு காசும் அந்தக் கைக்குப் போகலை.

நிஜமாவே ஆசை இருந்தா, கிரனாடாவுலயும் மாட்ரிட்லயும் இன்னைக்கும் கையால செய்யறவங்க இருக்காங்க. காத்திருந்து அவங்ககிட்ட புதுசு வாங்குங்க. காசு செஞ்சவர் கைக்கே போகும். எக்ஸெல்ல அதை "செலவு"ங்கிற காலத்துல எழுதிக்கோங்க.