தப்பித்தவர்களின் கணக்கு

சிவகாசியில் வேலை நேரத்தில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். கேள்வி ஒன்றுதான்: புகை எந்தப் பக்கம்? சாத்தூர் ரோட்டுப் பக்கமா, திருத்தங்கல் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா? புகையின் நிறத்தைப் பார்த்தே பட்டாசு ஆலையின் மருந்து அறையா, வெயிலில் காயப்போட்ட சரக்கா என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் இங்கே உண்டு. அடுத்த நிமிடம் ஃபோன் மேல் ஃபோன். மாலைக்குள் ஒரு எண் வந்துவிடும், இத்தனை பேர் பலி என்று. மறுநாள் பேப்பரில் அந்த எண்தான் தலைப்பு. தப்பித்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது அணு யுத்தத்துக்குப் பிந்திய கடலைப் பற்றி, அங்கே ஒரு கப்பல் பிழைக்குமா என்பதைப் பற்றி. ஆனாலும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியவில்லை.

திருநெல்வேலியைக் கடந்து நாங்குநேரிப் பக்கம் போகிறவர்கள் விஜயநாராயணத்தில் வானத்தைத் தொடுகிற உயரத்தில் நிற்கும் கம்பங்களைப் பார்த்திருப்பார்கள். அது கடற்படைத் தளம். பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-லிருந்து இயங்குகிறது. அங்கே கப்பலும் கிடையாது, கடலும் கண்ணுக்கு எட்டாது. தண்ணீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புவதுதான் அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் நுழைந்த உடனே செத்துவிடும். இந்த அலை மட்டும் சில மீட்டர் ஆழம் இறங்கும். அதை அனுப்பத்தான் அவ்வளவு பெரிய கம்பங்கள். அப்படி ஒன்றை நீர்மூழ்கியால் தன் முதுகில் சுமக்க முடியாது என்பதால் உள்ளே இருப்பவர்கள் கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது.

நம் நாட்டின் முதல் அணு ஏவுகணை நீர்மூழ்கியான அரிஹந்த் 2016-ல் கடற்படையில் சேர்ந்தது. அது தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் அரிகாட் சேர்ந்தது. இந்தக் கப்பல்கள் எதற்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அணு ஆயுதத்தை நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று இந்தியா 2003-ல் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. அப்படியானால் முதல் அடி நம் மேல் விழுந்த பிறகும் திருப்பி அடிக்க யாராவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் கடலுக்கடியில் இருப்பவர்கள். ஊர் அழிந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் திட்டமே போட்டிருக்கிறது.

எப்படிப் பிழைப்பார்கள் என்பதற்கு விடை சுலபம். அணு உலை மின்சாரம் தரும். அந்த மின்சாரம் கடல்நீரைக் குடிநீராக்கும், தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனும் எடுத்துத் தரும். எல்லை போடுவது அரிசியும் பருப்பும்தான். ஏற்றிவந்த உணவு தீர்கிற நாள் வரை தண்ணீருக்கடியில் இருக்கலாம். தீர்ந்த பிறகு எந்தத் துறைமுகத்துக்குத் திரும்புவார்கள், அங்கே யார் கயிற்றைப் பிடித்துக் கட்டுவார்கள் என்பதற்கு உலகத்தில் எந்தக் கடற்படையும் வெளியே சொன்ன பதில் கிடையாது. பிரிட்டனில் ஒவ்வொரு பிரதமரும் பதவியேற்றதும் தன் கையாலேயே கடிதம் எழுதி, நீர்மூழ்கிகளின் பெட்டகத்தில் வைக்கிறார். நாடே இல்லாமல் போய்விட்டால் கேப்டன் பிரித்துப் படிக்க வேண்டிய கடிதம். பிரிக்கப்படாமலே ஆட்சி மாறினால் அதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும், படித்து முடித்த பிறகும் அந்த மனிதர்கள் உயிரோடு இருப்பார்களே!

மேலே யுத்தம் தொடங்கிவிட்டது என்று நம்பிய ஒரு கப்பல் உண்மையிலேயே இருந்தது. 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடியின் உச்சம். சோவியத் நீர்மூழ்கி பி-59 கடலுக்கடியில் மாட்டிக்கொண்டது. மேலே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அதை வெளியே வரவைக்கச் சிறு வெடிகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தன. பேட்டரி இறங்கிவிட்டது, குளிரூட்டி நின்றுவிட்டது. காற்று கெட்டு ஆட்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். மாஸ்கோவிலிருந்து தகவலே இல்லை. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. கேப்டன் சவித்ஸ்கி அதைத் தயார் செய்யச் சொன்னதாகவும், உடனிருந்த வசிலி அர்கிபோவ் ஒத்துக்கொள்ளாமல் அவரைச் சமாதானப்படுத்தியதாகவும் அந்தக் கப்பலில் இருந்தவரின் நினைவுக் குறிப்பு சொல்கிறது. கப்பல் மேலே வந்தது. மேலே யுத்தம் நடக்கவில்லை.

அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் நம் ராஜாஜி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். நாட்டை ஆண்டு முடித்த ஒரு கிழவர் தனக்கென்று எதையும் கேட்காமல் அவ்வளவு தூரம் போனதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம்.

பி-59 ஆட்கள் தப்பித்தது, குண்டு வெடிக்காததால். குண்டு வெடித்து, சாம்பல் விழுந்து, அதற்குப் பிறகு கடலிலேயே இரண்டு வாரம் வாழ்ந்து கரை சேர்ந்த ஒரு கப்பலும் உண்டு. அது போர்க்கப்பல் அல்ல, சூரை மீன் பிடிக்கிற 140 டன் மரக்கலம். ஜப்பானின் யைசு துறைமுகத்திலிருந்து போனது. ஐந்தாம் ஃபுகுரியூ மாரு என்று பெயர். உள்ளே 23 பேர்.

1954 மார்ச் 1. பிகினி தீவில் அமெரிக்கா ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஆறு மெகாடன் அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. உள்ளே வைத்த லித்தியத்தில் ஒரு வகை சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். அது சும்மா கிடக்கவில்லை. எங்கள் பக்கம் போர்மேன்கள் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, மீந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காதே, அது சும்மா இருக்கும் என்று நம்பாதே என்பதுதான். உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞானிகள் அந்தப் பாடத்தில் தவறினார்கள்.

படகு அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தது, வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். விடியும் முன் மேற்கு வானம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக வெளிச்சம். ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தூரம் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து அந்தச் சத்தம் மரப்பலகையை உலுக்கியது என்றால் வெடித்தது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் தூண்டில் கயிறு மைல் கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? இழுக்கத் தொடங்கினார்கள், அதற்கே பல மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. வெடியில் நொறுங்கிப் பறந்த பவளப்பாறையின் சாம்பல் அது. தொப்பியிலும் காதிலும் சட்டைக் காலருக்குள்ளும் இறங்கியது. தளத்தில் காலடித் தடம் பதிகிற அளவுக்குப் படிந்தது. ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். நறநறவென்று இருந்தது, ருசியே இல்லை. வெறும் கையால் அள்ளிக் கொட்டினார்கள். சாயங்காலம் தலைவலி, வாந்தி. சில நாளில் தோல் கறுத்துக் கொப்புளம். பிறகு முடி கொத்தாக உதிர்ந்தது.

ரேடியோ அதிகாரி அய்கிச்சி குபோயாமா. என்ன நடந்திருக்கும் என்று அவர் ஊகித்துவிட்டார். இருந்தும் கரைக்கு விவரம் அனுப்பவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டோம், ரேடியோவில் பேசினால் அமெரிக்கர்கள் கண்டுபிடித்துப் படகையே மூழ்கடித்துவிடுவார்களோ என்ற பயம். சத்தம் காட்டாமல் இரண்டு வாரம் ஓடி, மார்ச் 14-ஆம் தேதி யைசு வந்து சேர்ந்தார்கள். மீனை இறக்கி விற்றார்கள். இருவர் சாம்பல் பொட்டலத்தோடு டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போன பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் என்ன சொன்னார் தெரியுமா? படகு எல்லைக்குள் வந்திருக்கும், தோல் புண்ணுக்குக் கதிர்வீச்சு காரணமில்லை, பவளச் சுண்ணாம்பின் காரம்தான் காரணம் என்றார். விபத்து நடந்ததும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிற கையை இந்த மண்ணில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு கொதித்தது. 1954 ஏப்ரல் 2-ஆம் தேதி நேரு நாடாளுமன்றத்தில் எழுந்து, சோதனைகளையாவது நிறுத்திவையுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். 

குபோயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார், வயது 40. மற்ற 22 பேரும் ஓராண்டுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கா தன் மேல் பொறுப்பு எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருபது லட்சம் டாலர் கொடுத்தது. அதிலிருந்து படகுக்காரர்களுக்குக் கிடைத்த பணத்தைப் பார்த்து ஊரில் பொறாமை. அதே கடலில் மீன் பிடித்து, மீனைக் குழிதோண்டிப் புதைத்த நூற்றுக்கணக்கான படகுகளின் ஆட்களுக்கோ மருத்துவச் சோதனைகூடக் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி, பல வருடம் மருந்து அறையில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பிழைத்தார். இடது காது போய்விட்டது. முழங்கைக்குக் கீழே தோல் இழுத்துக் கட்டினதுபோல இருக்கும், பச்சை நூல் சுற்றிய அணுகுண்டு வெடியைக்கூட இன்று அவரால் இரண்டு விரலில் பிடிக்க முடியாது. அவரிடம் இந்தப் படகுக் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, “அந்த ஆளுகளுக்குத் திரும்ப வேலை குடுத்தாங்களா தம்பி?” என்றார்.

அதைத்தான் நான் தேடிப் படித்தேன். அந்தப் படகில் இருந்த மத்தாஷிச்சி ஓயிஷிக்கு அப்போது இருபது வயது. ஊர்ப் பேச்சு தாங்காமல் டோக்கியோ போய் ஜனக்கூட்டத்துக்குள் மறைந்துகொண்டார். சலவைக்கடை வைத்தார். அந்தப் படகில் இருந்தவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. முதல் குழந்தை இறந்தே பிறந்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக ஈரல் நோயில் போனார்கள். முப்பது வருடம் கழித்துத்தான் வாய் திறந்து பள்ளிக் குழந்தைகளிடம் பேசத் தொடங்கினார். 2021-ல் காலமானார். படகு இன்று டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் நிற்கிறது.

அண்ணாச்சியிடம் சலவைக்கடையைச் சொன்னபோது, “சொந்தத் தொழில்னா பரவாயில்ல” என்றார். அவருக்குப் போன வேலை போனதுதான். இழப்பீடு இறந்தவர் குடும்பத்துக்கு, அது நியாயம். காயம்பட்டவருக்கு ஒரு முறை ஒரு தொகை. அதற்குப் பிறகு வருகிற மூச்சிரைப்பும், ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓடுவதும் அவர் சொந்தக் கஷ்டம்.

அணு யுத்தத்துக்குப் பிந்திய கடலில் ஒரு கப்பல் பிழைக்குமா என்று கேட்டால், பிழைக்கும் என்றுதான் சொல்வேன். அதற்கான இயந்திரம் இருக்கிறது. ஆனால் யைசுக்காரர்களுக்குத் திரும்பி வர ஒரு கரையாவது இருந்தது. வைத்தியர், செய்தியாளர், பொறாமைப்பட ஓர் ஊர், கோபப்பட ஒரு நாடு எல்லாமே இருந்தன. அப்படி இருந்தும் அவர்கள் பட்டது அது. அரிஹந்தில் ஏறுகிற நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கரையும் இருக்காது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற சொல்லை டெல்லியில் அவ்வப்போது தளர்த்திப் பேசுகிறவர்களிடம் அந்தச் சொல் அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்க, விஜயநாராயணத்துக் கம்பங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்குத்தான் அதிக உரிமை இருக்கிறது.

உள்ளூரில் செய்ய வேண்டியதற்கு டெல்லி தேவையில்லை. ஃபுகுரியூ மாரு ஆட்களை ஜப்பானின் கதிரியக்க ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் தொடர்ந்து கூப்பிட்டுச் சோதித்தது. விருதுநகரில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. பட்டாசு விபத்தில் தப்பித்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்து, வருடத்துக்கு ஒரு முறை காது, கண், நுரையீரல், தோல், மனநிலை பார்க்கிற ஒரு பதிவேட்டை மாவட்ட நிர்வாகம் திறக்கலாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் தொடங்கலாம். அன்று நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின, முதல் வெடியைக் கேட்டு உதவிக்கு ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்கள் இன்னும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.