டிசம்பர் 5 அன்று யார் நினைப்பார்கள்?

டிசம்பர் 4 கடற்படை நாள். அன்று காலை சென்னை காமராஜர் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். 1971இல் அதே தேதியில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய வெற்றியின் நினைவாக வந்த நாள் அது. ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 9 இரவில், டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 67 பேர்.

கராச்சிக்கு நாடு முழுவதும் ஒரு நாள் இருக்கிறது. குக்ரிக்கு டையூவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால், அந்தக் கப்பலில் காலையில் தேநீர் போட்டவர் யார், கொதிகலன் அறையில் யார் யார் இருந்தார்கள், எவருக்கு அந்த மாதம்தான் ஊரில் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் கல்லில் இருக்காது. கூட இருந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்வரைதான் அதுவும் இருக்கும். 1971இல் இருபது வயதாக இருந்த மாலுமி இன்று எழுபதுகளின் நடுவில் இருக்கிறார்.

வீரவணக்கத்தை விழாவாக நடத்த நமக்குத் தெரிந்திருக்கிறது. கூட இருந்தவரைக் கூட இருந்தவரோடு சேர்த்துவைக்கும் வேலையைத்தான் யாரும் கையிலெடுக்கவில்லை. அதைச் செய்யாமல் விட்டால், விழாவுக்கு வருபவர்களுக்கு யாரை வணங்குகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

ராணுவத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு 1758 தொடங்கி ஒரு தொடர்ச்சி உண்டு. நீலகிரி வெலிங்டனில் அதற்கு ஒரு வீடு உண்டு. ஐம்பது ஆண்டு கழித்துப் போகும் பழைய சிப்பாயை அங்கே 'தம்பி' என்று வரவேற்க ஆள் இருக்கும். பெரும்பாலும் தென்னிந்தியர்கள் என்பதால், கூடப் பணியாற்றியவர் பக்கத்து மாவட்டத்தில் கிடைத்துவிடுவார். கடற்படைக்காரருக்கு ரெஜிமென்ட் கிடையாது, கப்பல்தான். மெஸ்ஸில் அவருக்கு மேல் படுக்கையில் பஞ்சாபி, கீழே ஒடியா, எதிரே மலையாளி. சேவை முடிந்ததும் நாலு திசைக்குப் பிரிந்துவிடுவார்கள். அப்புறம் கப்பலும் போய்விடும். ரெஜிமென்ட் வீரரைவிட நீண்ட காலம் வாழ்கிறது. கப்பலோ மாலுமிக்கு முன்பே செத்துவிடுகிறது.

விக்ராந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் சேவையில் சேர்ந்து 1997இல் விடைபெற்ற விமானந்தாங்கி அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வாழ்ந்த ஒரு சிறிய ஊர். 1971 போரில் சென்னைக்கும் அதன் கதையில் பங்குண்டு. விக்ராந்த் சென்னைப் பக்கம் இருப்பதாக எதிரியை நம்பவைத்துவிட்டு அந்தமானுக்கு அனுப்பியவர், கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த நாகர்கோவில்காரர், வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. இவ்வளவு வரலாறு கொண்ட கப்பல், மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்து, 2014இல் உடைப்பவர்களுக்கு விற்கப்பட்டது. அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. விக்ராந்தில் வேலை பார்த்த ஒருவர் இன்று தன் கப்பலைத் தொட்டுப்பார்க்க விரும்பினால், யாராவது ஒருவரின் பெட்ரோல் டாங்கைத்தான் தொட வேண்டும். 2020இல் விராட்டும் அலாங் கடற்கரைக்கு உடைக்கப் போனது.

சென்னைக்கே ஒரு வாய்ப்பு வந்தது, கைநழுவியது. 2010இல் விடைபெற்ற ஐ.என்.எஸ். வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்குவது என்று தமிழ்நாட்டில் திட்டமிட்டார்கள். கப்பல் சென்னைத் துறைமுகம்வரை வந்தது. அங்கேயே ஆண்டுக்கணக்கில் கட்டிக் கிடந்தது. திட்டம் கைவிடப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த குர்சுராவை விசாகப்பட்டினம் 2002இலேயே கரையேற்றிவிட்டது. அங்கே உள்ளே போகிறவர்களுக்கு வழிகாட்டுபவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர். சுற்றுலாப் பயணிக்கு அது அரை மணி நேர வேடிக்கை. பழைய நீர்மூழ்கிக்காரருக்கோ, தன்னைப் போன்ற இன்னொருவர் அங்கே இருப்பார் என்று நம்பிப் போகக்கூடிய ஓர் இடம். வாக்லி கைவிட்டுப்போனபோது நாம் இழந்தது சுற்றுலா வருமானம் என்று மட்டும் கணக்குப் போட்டோம்.

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாற்றிலோ குடியிருக்கும் முன்னாள் மாலுமியைத் தெருவில் எல்லோரும் 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் சொல்வார்கள். எந்தக் கப்பல் என்று கேட்பவர் அபூர்வம். பதினைந்து ஆண்டுச் சேவை முடித்து, முப்பதுகளிலேயே வெளியே வந்து, வங்கியிலோ துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ இன்னொரு முழு உத்தியோக வாழ்க்கை வாழ்ந்து, இரண்டாம் முறை ஓய்வுபெற்றவராக இருப்பார். ஒரே கப்பலில் வெவ்வேறு ஆண்டுகளில் இருந்த இரண்டு பேர், அது தெரியாமலே லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் எதிரெதிராக நடந்துகொண்டிருக்கலாம். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம்போலச் சென்னை கடற்படையால் வாழும் ஊர் இல்லை. ஐ.என்.எஸ். அடையாறு என்ற தளம் இங்கே இருக்கிறது (ஆற்றின் பெயர்தான்; தளம் இருப்பதென்னவோ கோட்டைப் பக்கம்). என்றாலும், பழைய மாலுமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இரண்டுதான்: கேன்டீன் வரிசை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வரிசை. இரண்டிலும் டோக்கன் எண்ணைத்தான் கேட்பார்கள்.

வயதானவர்கள் கூடிப் பழங்கதை பேசுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். ஆர்ப்பாட்டம் தேவைதான், பணம் சம்பந்தப்பட்ட காரணமே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மாலுமியாகச் சேர்ந்தவர்களுக்குப் பத்து ஆண்டு நேரடிச் சேவை, அதன்பின் பத்து ஆண்டு ரிசர்வ் பட்டியல் என்ற ஏற்பாடு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஓய்வூதியம். 1976 ஜூலையில் ரிசர்வுக்கு மாற்றுவதை அரசு நிறுத்தியது. பத்து ஆண்டு முடித்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 2016இல், ரிசர்வ் ஓய்வூதியம் இல்லாவிட்டாலும் சிறப்பு ஓய்வூதியத்துக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்பு யாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஓய்வூதியமே இல்லாதவர் ஓய்வூதியர் பட்டியலில் இருக்க மாட்டார். அவருக்கு அரசிடமிருந்து கடிதம் வரக் காரணமே இல்லை. கப்பலில் கூட இருந்த ஒருவர் போன் செய்து, "உனக்கும் இது பொருந்தும்டா, பேப்பரைத் தேடி எடு" என்று சொன்னால்தான் உண்டு. ஓய்வூதிய வழக்குகளில் தாமதமாக வருபவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் நிலுவை கிடைப்பதில்லை. ஆகவே தகவல் ஓர் ஆண்டு தாமதமானால் ஓர் ஆண்டுப் பணம் போகும். நண்பர் வட்டம் இருந்தவர் பெற்றார், இல்லாதவர் இழந்தார்.

மனைவிமார் நிலை இன்னும் கடினம். மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்குர்தில், சீட்டா கேம்ப்பில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் இருக்கின்றன. கணவர் இறந்தபின், மந்தைவெளியில் இருக்கும் எழுபது வயது அம்மா, ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் நகலையும் சர்வீஸ் நம்பரையும் வைத்துக்கொண்டு மான்குர்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போது ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்காவிட்டால் பணம் நிற்கும். எந்தப் படிவம், யாரைக் கேட்பது என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் கணவரின் பழைய கூட்டாளிதான். அந்தக் கூட்டாளியின் எண், இறந்துபோனவரின் கைபேசிப் பூட்டுக்குள் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உதவுகின்றன. ஆனால், அவை மாவட்டவாரியாக இயங்குபவை. கப்பல்வாரியாக யாரையும் தேடித்தர அவற்றால் முடியாது.

அதிகாரிகளுக்கு நேவி ஃபவுண்டேஷன் இருக்கிறது. அதன் சென்னைக் கிளையும் இருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சிக் காலத்து 'கோர்ஸ்மேட்' உறவும் உண்டு. சாகும்வரை அறுந்துபோகாத உறவு அது. மாலுமிகள் தங்கள் பேட்ச் பெயரிலும் ஊர் பெயரிலும் தாங்களாகவே சிறுசிறு சங்கங்களாகவும் வாட்ஸ்அப் குழுக்களாகவும் கூடுகிறார்கள். கப்பலில் அதிகாரிகளின் வார்ட்ரூமும் மாலுமிகளின் மெஸ்ஸும் தனித்தனி என்பதற்குப் பணிக் காரணம் இருந்தது. எழுபது வயதிலும் அந்தச் சுவர் நிற்பதற்கு என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை. டார்பீடோ குக்ரியைத் தாக்கியபோது அந்தச் சுவரைப் பார்த்துத் தாக்கவில்லை. ஒரு கப்பலின் கதையைப் மேலே கட்டளைத் தளத்தில் நின்றவர் ஒருவிதமாகவும் எஞ்சின் அறையில் இருந்தவர் வேறுவிதமாகவும் சொல்வார்கள். இரண்டும் ஒரே அறையில் சொல்லப்படாதவரை நமக்குக் கிடைப்பது பாதிக் கதை. அச்சில் ஏறுவது பெரும்பாலும் மேல்தளத்துப் பாதி.

கீழ்த்தளத்துப் பாதி ஒருமுறை அச்சில் ஏறியதற்கு நல்ல உதாரணம் 1946 பிப்ரவரி. பம்பாயில் தல்வார் தளத்தில் தொடங்கிய மாலுமிகள் எழுச்சி கராச்சி, சென்னை என்று பரவியது. எழுச்சி அடங்கியபின் நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைக் கடற்படை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, அதில் முன்னணியில் நின்ற பி.சி. தத் என்ற மாலுமி புத்தகம் எழுதினார். இன்று மும்பை கொலாபாவில் அந்த எழுச்சிக்கு நினைவிடம் இருக்கிறது. இழுவைப் படகு ஒன்றுக்கு தத்தின் பெயரே வைக்கப்பட்டது. பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சுமந்து வந்திருக்காவிட்டால், ஆவணங்களில் 'ஒழுங்கீனம்' என்ற ஒற்றைச் சொல்லே மிஞ்சியிருக்கும்.

பெயர்களைக் காப்பாற்றுவது முடியாத காரியம் அல்ல. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. அதே போரில் உயிர்நீத்த, கல்லறைகூட இல்லாத ராயல் இந்தியன் நேவி மாலுமிகள் நானூறுக்கும் மேற்பட்டோர், இந்திய வணிகக் கப்பல் ஊழியர்கள் ஏறத்தாழ 6,000 பேர் ஆகியோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் புத்தகமாக வைக்கப்பட்டுள்ளன. தேடிக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி, 29 பேரோடு காணாமல்போன ஏ.என்.-32 விமானத்தின் சிதறல்களைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் கருவி, சென்னையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. அந்தத் தகவல் 2024 ஜனவரியில் வெளியானது. கடலடியில் ஏழரை ஆண்டு கிடந்ததையே தேடிக் கண்டுபிடிக்க முடிந்த நாட்டில், தரைமேல் உயிரோடு இருக்கும் இரண்டு பழைய நண்பர்களைச் சேர்த்துவைக்க முடியாது என்று சொல்வது பொருந்தவில்லை.

தனிப்பட்ட தகவல்களை வெளியிட முடியாது என்பது கடற்படையின் நியாயமான தயக்கம். முகவரிகளைக் கொடுக்கவே வேண்டாம். ஒருவர், "இந்தக் கப்பலில் இந்த ஆண்டுகளில் என்னோடு இருந்த இன்னாரைத் தேடுகிறேன்" என்று எழுதினால், மான்குர்த் பணியகம் அந்தக் கடிதத்தை உரியவருக்கு அனுப்பிவைத்தால் போதும். பதில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவர் விருப்பம். சிலருக்குக் கப்பல் வாழ்க்கை நினைக்கப் பிடிக்காததாக இருக்கலாம். அவர்களை விட்டுவிட வேண்டும். சென்னையில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஐ.என்.எஸ். அடையாறு ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 4க்குப் பிறகு வரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரி மாலுமி பேதமில்லாமல், கப்பல் பெயர் எழுதிய மேசைகளைப் போட்டு எல்லோரையும் அழைக்கலாம். கணவரை இழந்த பெண்களையும் அழைக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்கு, நான்கு ஆண்டுக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் இன்னொரு காரணம். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா தளத்தில் பயிற்சி முடித்த முதல் அணியில், இந்தியக் கடற்படையின் முதல் பெண் மாலுமிகளும் இருந்தார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் கால்வாசிப் பேர் தொடர்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேன்டீன் வரிசையும் இல்லை. 1976க்குப் பிறகு வெறுங்கையோடு போனவர்களைப் போல எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தலைமுறை, இம்முறை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவாகிறது. அவர்களுக்கு மிஞ்சப்போவது கூட இருந்தவர்கள் மட்டும்தான்.

மறப்பது நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் படகில் ஏற்றப்பட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நிவாரணத்தோடு வந்த கப்பல் ஐராவத் என்பது அவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கடற்படை வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது, நாமும் மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலோ அடுக்ககத்திலோ பழைய கடற்படைக்காரர் ஒருவர் இருந்தால், எந்தெந்தக் கப்பல், எந்தெந்த ஆண்டு, மெஸ்ஸில் கூட இருந்தவர்களின் பெயர், ஊர் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கூட்டாளிகளின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி பி.பி.ஓ.வோடு சேர்த்து வையுங்கள்.