கண்டத்தை வாங்கிக்கிட்ட மீன்

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, வீட்டுத் தொட்டியில மீன் செத்தா உடனே ஒரு வசனம் வரும்: "நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு." அடுத்த வாரம் புது மீன். அதுவும் போயிடும். ஒரு வீட்டுக்கு எத்தனை கண்டம்தாங்க வரும்? :-)

காரணம் தண்ணியில இருக்கு மக்களே. மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டா, அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துறது பாக்டீரியா. புதுத் தொட்டியில அது வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நாம முதல் நாளே அரை டஜன் மீனை விட்டுடுறோம். அப்புறம் ரொம்பப் பாசமா, மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில அலசுறோம். வளர்ந்த பாக்டீரியாவும் காலி.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்தினா போதும். குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வைச்சிட்டு ஊத்துங்க. பஞ்சைத் தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க. ஒழுங்கா வளர்த்தா கோல்டு ஃபிஷ் 10 வருஷத்துக்கு மேல இருக்கும்.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே வந்துச்சு. நாய் செத்தா என்ன நோய்னு கேக்குறோம். மீனுக்கும் அதே கேள்வியைக் கேட்டா என்ன? கண்டம்னு சொல்லிட்டா நம்ம மேல தப்பே இல்லைன்னு ஆயிடுது. சாகுறது என்னவோ மீன்தான்.